அப்பாவின் கட்டியில் கே-ராஸ் மாற்றம்: எனக்கும் வருமா?

கேள்வி: ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் வேலை பார்க்கும் என் அப்பாவுக்கு 61 வயது. மலத்தில் ரத்தம் போனதை மூலம் என்று நினைத்து எட்டு மாதம் விட்டுவிட்டார். பெருங்குடல் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவிவிட்டது. சேலத்தில் எடுத்த ரிப்போர்ட்டில் ‘கே-ராஸ் மரபணு மாற்றம் உள்ளது’ என்று இருக்கிறது. அத்தையும் 47 வயதில் கர்ப்பப்பை புற்றுநோயில் இறந்தார். எனக்கு 36 வயது. எனக்கும் என் பிள்ளைகளுக்கும் இது வருமா?

பதில்: கே-ராஸை நினைத்துப் பயப்படாதீர்கள், அம்மா. அந்த மாற்றம் கட்டிக்குள் மட்டும் இருப்பது. அப்பா பிறந்தபோது அவர் உடம்பிலேயே அது கிடையாது. குடலின் உள்தோல் சில நாட்களுக்கு ஒருமுறை புதிதாகிறது. அப்போது நேரும் பிழைகள் வருடக்கணக்கில் சேர்கின்றன. பெரும்பாலும் ஏபிசி மரபணு முதலில் பழுதாகி ஒரு பாலிப் (குடலின் உள்தோலில் சிறு சதை வளர்ச்சி) முளைக்கும். அப்புறம் கே-ராஸ், அதன்பின் பி53. பெருங்குடல் புற்றுநோயாளிகளில் 100 பேரில் சுமார் 40 பேரின் கட்டியில் கே-ராஸ் மாற்றம் உண்டு.

இதைப் பார்ப்பது மருந்துக்காக. செடுக்சிமாப், பானிடுமுமாப் ஊசிகள் செல்லின் வெளிவாசலை அடைப்பவை. கே-ராஸ் உள்ளே இருக்கும் சுவிட்ச். அது ‘ஆன்’ ஆகவே சிக்கிக்கொண்டால் வாசலை அடைத்துப் பயனில்லை. அந்தச் செலவும் பக்கவிளைவும் அப்பாவுக்கு வேண்டாம். கீமோவுக்கு இது தடையில்லை.

என்னை யோசிக்க வைப்பது உங்கள் அத்தைதான். அவருக்கு வந்தது கருப்பை வாயிலா, கருப்பையின் உள்ளேயா? கருப்பை வாயில் என்றால் அது பெரும்பாலும் வைரஸால் வருவது. உள்ளே என்றால், லிஞ்ச் என்ற பரம்பரைக் கோளாறைத் தேடியே ஆகவேண்டும். செல் தன் மரபணுக்களை நகலெடுக்கும்போது நேரும் பிழைகளைத் திருத்தும் மரபணுக்களில் ஒன்று பிறவியிலேயே பழுதாக இருப்பதுதான் லிஞ்ச். பெருங்குடல் புற்றுநோயாளிகளில் 100க்கு 3 பேரிடம் இருக்கும்.

அப்பாவின் கட்டியில் ‘எம்எம்ஆர்’ சோதனை, அதாவது அந்தப் பிழை திருத்தும் வேலை நடக்கிறதா என்று பார்க்கும் சோதனை, செய்தார்களா என்று டாக்டரிடம் கேளுங்கள். பயாப்சியில் எடுத்த சதையை மெழுகில் பதித்து வைத்த பிளாக் லேபில் இருக்கும், அதுவே போதும். குறை தெரிந்தால் பெம்ப்ரோலிசுமாப் என்ற நோய் எதிர்ப்பு ஊசி அப்பாவுக்கு நன்றாக வேலை செய்ய வாய்ப்புண்டு. அவருக்கு ரத்தத்திலும் மரபணு சோதனை செய்வார்கள். அதில் லிஞ்ச் உறுதியானால் உங்களுக்கு அது வந்திருக்கச் சரிபாதி வாய்ப்பு. சோதனையில் உங்களுக்கும் இருந்தால் உடனே கொலோனோஸ்கோபி (பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) தொடங்கி, ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்.

லிஞ்ச் இல்லை என்றாலும் 40 வயதில் உங்களுக்கு ஒரு கொலோனோஸ்கோபி அவசியம். அதற்கு முன் மலத்தில் ரத்தம் தெரிந்தால், மூலம் என்று யார் சொன்னாலும் அந்த வாரமே மலையிறங்கி டாக்டரைப் பாருங்கள். அத்தையின் பழைய சீட்டுகள் வீட்டில் இருக்கிறதா என்று இன்றைக்கே தேடுங்கள்.