எஃப்எம்2 இருக்கிறது, அடுத்தது ஆர்பி67ஆ யாஷிகாவா?

நிக்கான் எஃப்எம்2 ஃபிலிம் கமரா கையில் இருக்க, கொழும்பு புறக்கோட்டைத் தெருப்படங்களுக்கு அடுத்து வாங்குவது மாமியா ஆர்பி67ஆ, யாஷிகா மாட் 124ஜியா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுமே பெரிய ஃபிலிம் போடும் கமராக்கள். யோசிக்காமல் யாஷிகாவை எடுங்கள்.

ஆர்பி67இன் 6×7 செ.மீ. நெகட்டிவ் அருமைதான். ஆனால் லென்ஸோடு 2.5 கிலோவுக்கு மேல். அதைச் சுமந்துகொண்டு மெயின் வீதி வெயிலில் ஒருநாள் நடந்தால் அடுத்தநாள் விற்கப் போட்டுவிடுவீர்கள். அது முக்காலிக்குச் செய்த கமரா. யாஷிகா ஒரு கிலோ சொச்சம். பார்ப்பதற்கு ஒன்று, படமெடுக்க ஒன்று என்று அதற்கு இரண்டு லென்ஸ். படமெடுக்கையில் மேலெழும் கண்ணாடி அதில் இல்லை, அதனால் சத்தமும் அதிர்வும் குறைவு. 1/30 செக்கனிலும் கையில் பிடித்தே எடுக்கலாம். குனிந்து பார்த்து எடுப்பதால் ஆட்களும் விறைத்துப்போவதில்லை. இடம் வலம் மாறித் தெரியும், பழகிவிடும். லென்ஸ் மாற்ற முடியாதுதான், அதற்கு எஃப்எம்2 இருக்கிறதே.

யாஷிகாவின் ஒளி அளக்கும் மீற்றரை நம்பவேண்டாம். இப்போது விற்பனையில் இல்லாத பாதரச பற்றரிக்குச் செய்தது அது. யாஷிகாவில் போட்ட ஃபிலிமின் ஐஎஸ்ஓவையே (ஒளியுணர்திறன் எண்) எஃப்எம்2இல் வைத்து ஒளியை அளந்து, அது காட்டும் ஷட்டர் வேகத்தையும் லென்ஸ் திறப்பையும் யாஷிகாவில் போடுங்கள்.

வாங்கமுன் ரோர்ச் அடித்து இரண்டு லென்ஸுக்குள்ளும் பூஞ்சணம் இருக்கிறதா என்று பாருங்கள்; கொழும்பு ஈரக்காற்றில் அது சாதாரணம். ஷட்டரை 1 செக்கனில் வைத்து அடித்து, மூடப் பிந்தி இழுபடுகிறதா என்பதையும் கவனியுங்கள். வாங்கியபின் தோல் உறையில் பூட்டி வைக்காமல், சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாப் பெட்டியில் வையுங்கள்.