சுருதி இறங்கும் தட்டுகள்: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புகார்: பெல்ட் பிளேயரின், அதாவது மோட்டார் ரப்பர் பெல்ட்டால் தட்டைச் சுற்றும் ரெக்கார்டு பிளேயரின், வேகம் சரியில்லை. மற்ற கேள்விகளை அடுத்த முறைக்குத் தள்ளிவைத்துவிட்டேன். கார்ட்ரிட்ஜ் (ஊசி இருக்கும் தலைப்பகுதி) பற்றிக் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் டர்ன்டேபிள் சரியான வேகத்தில் ஓடவில்லை. பெல்ட் மாற்றலாமா? (மதுரை)

கடிதம் அவ்வளவுதான். வேகமாக ஓடுகிறதா, மெதுவாக ஓடுகிறதா? 33-ல் (நிமிடத்துக்கு 33⅓ சுற்று) மட்டுமா, 45-லும் தானா? எந்த மாடல்? ஒன்றும் இல்லை. "உடம்பு சரியில்லை, மாத்திரை அனுப்புங்கள்" என்று டாக்டருக்கு எழுதுவீர்களா?

முதலில் எண்ணுங்கள். பிளாட்டர் (ரெக்கார்டைத் தாங்கிச் சுற்றும் தட்டு) ஓரத்தில் ஒரு துண்டு வெள்ளைக் காகிதத்தை ஒட்டுங்கள். ரெக்கார்டைப் போட்டு, ஊசியையும் இறக்கிவிட்டு, மூன்று நிமிடம் எண்ணுங்கள். 33-க்கு 100 சுற்று, 45-க்கு 135. ஒரு சுற்று முன்னே பின்னே இருந்தால் விட்டுவிடலாம். இரண்டு வேகத்திலும் ஒரே விகிதத்தில் தப்பினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பெல்ட், புல்லி (மோட்டார் அச்சில் இருக்கும் படி வைத்த குட்டிச் சக்கரம்), கரண்ட் ஆகிய மூன்றையும். ஒன்றில் மட்டும் தப்பினால், பெல்ட் புல்லியின் படியில் ஒழுங்காக உட்காரவில்லை, அல்லது அந்த வேகத்துக்கான ப்ரீசெட் (வேகத்தைத் திருத்தும் குட்டித் திருகு) நகர்ந்திருக்கிறது. எண்ணிக்கை இல்லாத கடிதங்களுக்கு இனிமேல் பதில் கிடையாது.

பெண் குரல் எல்லாம் ஆண் குரலாகக் கேட்கிறது. சின்ன ரெக்கார்டுகளில் மட்டும்தான். (விருதுநகர்)

45-ஐ 33-ல் போடுகிறீர்கள். லேபிளைப் படியுங்கள்.

மைத்துனர் நியூ ஜெர்சியிலிருந்து கொண்டுவந்த பழைய பிளேயர். 110 வோல்ட் டிரான்ஸ்பார்மர் போட்டுத்தான் ஓட்டுகிறேன். ஆனாலும் எல்லாப் பாட்டும் அழுதுவடிகிறது. பெல்ட் இரண்டு முறை மாற்றியாகிவிட்டது. (மயிலாப்பூர்)

பெல்ட் விற்றவர் நன்றாக இருக்கட்டும். எண்ணிப் பார்த்தீர்களா? பார்த்திருந்தால் 100-க்குப் பதில் 83 வந்திருக்கும். 83 வந்தால் வேறு எதையும் தோண்ட வேண்டாம், பெல்ட்டின் மேல் பழி போடவும் வேண்டாம்.

இதை எத்தனை முறை எழுதினாலும் அடுத்த மாதமும் இதே கடிதம் வருகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பழைய பெல்ட் பிளேயர்களில் பெரும்பாலும் இருப்பது சிங்க்ரனஸ் ஏசி மோட்டார், கரண்டின் துடிப்போடு ஒத்துச் சுற்றுவது. அதன் வேகத்தைத் தீர்மானிப்பது வோல்ட் அல்ல, ஹெர்ட்ஸ், அதாவது கரண்ட் நொடிக்கு எத்தனை முறை துடிக்கிறது என்ற கணக்கு. அமெரிக்காவில் 60, நமக்கு 50. டிரான்ஸ்பார்மர் 230-ஐ 110 ஆக்கும். 50-ஐ 60 ஆக்காது, எந்த விலையில் வாங்கினாலும் ஆக்காது. மோட்டார் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும். 33⅓ என்பது 28-க்கும் கீழே போய்விடும். சுருதிக் கணக்கில் மூன்று ஸ்வரஸ்தானம் இறக்கம். ஐந்து கட்டையில் பாடிய அம்மா மூன்று கட்டையில் பாடுவார். அழுதுவடியாமல் என்ன செய்யும்?

எனக்கே ஒரு கடைக்காரர் இப்படித்தான் "சார், இது கன்வர்ட்டர், எல்லாத்தையும் மாத்திடும்" என்று ஐந்து கிலோ டிரான்ஸ்பார்மரைத் தலையில் கட்டினார். அது இன்னும் வீட்டில் கதவு சாத்தாமல் இருக்க முட்டுக்கொடுக்கப் பயன்படுகிறது. அதற்காக டிரான்ஸ்பார்மரே வேண்டாம் என்று நேராக 230-ல் சொருகிவிடாதீர்கள், மோட்டார் புகைந்துவிடும். வோல்டேஜுக்கு அது வேண்டும். வேகத்துக்கு வேறு வழி தேட வேண்டும்.

வழி இரண்டு. ஒன்று, 50 ஹெர்ட்ஸ் புல்லி. 60 ஹெர்ட்ஸ் புல்லி 10 மில்லி விட்டம் என்றால், 50 ஹெர்ட்ஸ் புல்லி 12 மில்லி இருக்கும். அதே அச்சில் கொஞ்சம் குண்டானது, அவ்வளவுதான். தோரன்ஸ், ரேகா, புரோ-ஜெக்ட் மாதிரி பெயர்களுக்குத் தேடினால் கிடைக்கும். வாங்கும்போது அச்சு ஓட்டையின் அளவைச் சொல்லி வாங்குங்கள். உங்கள் மாடலுக்குக் கிடைக்காவிட்டால், பழைய புல்லியைக் கையில் எடுத்துக்கொண்டு நல்ல லேத் பட்டறைக்குப் போங்கள். பித்தளையில் கடைந்து தருவார்கள். ஓட்டை நடுவில் இல்லாமல் ஒரு முடி விலகினாலும் பாட்டு ஆடும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரண்டாவது வழி, 60 ஹெர்ட்ஸைத் தானே உண்டாக்கித் தரும் வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டி. விலை கூடுதல், ஆனால் வேகத்தை நூலளவுக்குத் திருத்தலாம்.

அடாப்டரில் ஓடும் பிளேயர் என்றால் அடாப்டரின் முதுகைப் படியுங்கள். வெளியே வருவது டிசி என்றால் உங்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. ஏசி 16 வோல்ட் என்று போட்டிருந்தால் ஹெர்ட்ஸ் அப்படியே உள்ளே போகிறது, மேலே சொன்ன கதைதான்.

ஜப்பானிலிருந்து வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே டோக்கியோ பக்கம் 50, ஒசாகா பக்கம் 60. 1890-களில் ஒரு ஊர் ஜெர்மன் ஜெனரேட்டரும் மற்ற ஊர் அமெரிக்க ஜெனரேட்டரும் வாங்கியதன் பலன். "ஜப்பான் சரக்கு" என்பது பதிலே அல்ல. புல்லி எந்த ஊருக்கானது என்று கேளுங்கள்.

நம் ஊர் 50-ம் எப்போதும் 50-ஆக இருந்ததில்லை. தொண்ணூறுகளில் தென்னக மின்கட்டம் சாயங்கால நெருக்கடியில் 48 வரை இறங்கும். அந்த நேரத்தில் கச்சேரி ரெக்கார்டு போட்டால் சுருதி அரைக்கட்டைக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கி நிற்கும். பக்கத்தில் சுருதிப்பெட்டி வைத்துக்கொண்டு பாட முயன்றவர்களுக்குத் தெரியும். இப்போது அந்தக் கவலை இல்லை.

கொழும்பில் வைத்திருந்த பிளேயரை டொராண்டோவுக்குக் கொண்டுவந்தோம். இங்கே எல்லோரும் அவசர அவசரமாகப் பாடுகிறார்கள். எண்ணினேன், 120 வந்தது. (டொராண்டோ)

எண்ணியதற்கு நன்றி! மேலே உள்ளதைத் தலைகீழாகப் படியுங்கள். உங்களுக்கு வேண்டியது 60 ஹெர்ட்ஸ் புல்லி.

புது பெல்ட் போட்ட பிறகு வேகம் கூடிவிட்டது. பழையதைவிட நல்ல கனமான பெல்ட். (திருச்சி)

கனம்தான் கோளாறு. பெல்ட்டின் தடிமன் புல்லியின் விட்டத்தோடு சேர்ந்துகொள்கிறது. புல்லி சின்னது, பிளாட்டர் பெரியது, அதனால் புல்லி பக்கம்தான் அடி அதிகம். 0.6 மில்லி இருந்த இடத்தில் 1 மில்லி போட்டால் சாதாரணமாக மூன்று சதவீதம் ஏறிவிடும். நீளம் மட்டும் சொல்லி வாங்காதீர்கள். அகலம், தடிமன் இரண்டும் வேண்டும். நீளத்துக்கு, பெல்ட் போகிற வழியில் ஒரு நூலைச் சுற்றி அளந்து, அதில் ஐந்து முதல் பத்து சதவீதம் கழியுங்கள். அதற்கும் இறுக்கமாக வாங்கினால் மோட்டார் பேரிங் தேயும்.

சைக்கிள் ட்யூபை வெட்டிப் போடலாமா? (ஒரு மாணவர்)

போடலாம். பாட்டுதான் கேட்க முடியாது.

பிளாட்டர் இறுக்கமாகச் சுற்றியது. ஸ்பிண்டிலில் (தட்டின் நடு அச்சு) கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விட்டேன். ஒரு மாதம் நன்றாக ஓடியது. இப்போது முன்பைவிட மோசம். (நாகர்கோவில்)

தேங்காய் எண்ணெய் தலைக்கும் சமையலுக்கும். பேரிங்கில் அது நாளாக நாளாகப் பிசினாகிவிடும். பிளக்கைப் பிடுங்குங்கள். பிளாட்டரையும் ஸ்பிண்டிலையும் தூக்குங்கள். அடியில் குண்டுமணி அளவில் ஓர் இரும்புக் குண்டு இருக்கலாம். அது உருண்டு பீரோவுக்கு அடியில் போனால் நான் பொறுப்பல்ல. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்து, பஞ்சு வெள்ளையாக வரும் வரை துடையுங்கள். அப்புறம் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு, மூன்றாவது வேண்டாம். பெல்ட் இல்லாமல் விரலால் சுற்றிவிட்டால் பிளாட்டர் மெல்ல மெல்லத்தான் நிற்க வேண்டும், சட்டென்று அல்ல. எண்ணெய் பட்ட கையோடு பெல்ட்டைத் தொடாதீர்கள்.

காலையில் மெதுவாக ஆரம்பித்து, பத்து நிமிடத்தில் சரியாகிவிடுகிறது. (கொடைக்கானல்)

குளிரில் பழைய எண்ணெய் கெட்டியாகிறது. நாகர்கோவில்காரருக்குச் சொன்னதைச் செய்யுங்கள். அதற்குப் பிறகும் அப்படியே இருந்தால் பெல்ட் தொய்ந்திருக்கிறது.

இரண்டு வேகமும் கூடுதல். மோட்டாரில் டிசி 12 வோல்ட் என்று இருக்கிறது. (கோவை)

சரியான தகவலோடு வந்த கடிதம். மோட்டாரின் அடியில் ரப்பர் மூடி போட்ட சின்ன ஓட்டை இருக்கிறதா பாருங்கள். சிலவற்றில் இரண்டு இருக்கும், 33-க்கு ஒன்று, 45-க்கு ஒன்று. உள்ளே ப்ரீசெட். பிளாஸ்டிக் ஸ்க்ரூடிரைவரால், கடிகார முள் ஒரு நிமிடம் நகரும் அளவுக்குத்தான் திருப்ப வேண்டும். திருப்பி, எண்ணி, மறுபடி திருப்புங்கள். வேகம் ஒரு நிலையில் நிற்காமல் அலைந்தால் ப்ரீசெட் துருப்பிடித்திருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கான்டாக்ட் கிளீனர் ஒரு சொட்டு விட்டு இப்படியும் அப்படியும் பத்து தடவை திருப்பி, முதலிலிருந்து ஆரம்பியுங்கள்.

ஸ்ட்ரோப் டிஸ்க் (வேகம் சரியாக இருந்தால் கோடுகள் நிற்பதுபோல் தெரியும் அட்டை) வாங்கினேன். கோடுகள் நிற்கவே இல்லை, எல்லாம் சாம்பலாகக் கலங்கித் தெரிகிறது. (புதுச்சேரி)

எல்இடி வெளிச்சத்தில் பார்த்திருப்பீர்கள். நல்ல எல்இடி மினுக்காது, அதனால் கோடுகள் நிற்காது. பழைய சோக் வைத்த டியூப் லைட்டோ குண்டு பல்போ வேண்டும். அதோடு டிஸ்கில் 33-க்கு 180 கோடு உள்ள வளையத்தைப் பாருங்கள். 216 கோடு 60 ஹெர்ட்ஸ்காரர்களுக்கு. எதுவும் இல்லையென்றால் காகிதத் துண்டு இருக்கிறது.

போன் ஆப்பில் 33.5 காட்டுகிறது. பெல்ட் வாங்கட்டுமா? (சென்னை)

வேண்டாம். அரை சதவீதம் அது. போனைக் கீழே வைத்துவிட்டுப் பாட்டைக் கேளுங்கள்.

ஆடியோ-டெக்னிக்கா எல்பி60 புதிதாக வாங்கினேன். மோட்டார் சத்தம் வருகிறது, தட்டு சுற்றவில்லை. (சேலம்)

பெல்ட்டைப் பித்தளைப் புல்லியில் மாட்டவில்லை. தட்டில் உள்ள ஓட்டை வழியாக ரிப்பனைப் பிடித்து இழுத்து மாட்டிவிட்டு ரிப்பனை எடுத்துவிடுங்கள். கையேட்டில் படத்தோடு இருக்கிறது.

பெல்ட் வழுக்காமல் இருக்க முகப் பவுடர் போடச் சொல்கிறார்கள். (தஞ்சாவூர்)

பவுடர் வழுக்குவதற்குத்தான் உதவும். சில கம்பெனிகள் புது பெல்ட்டில் லேசாகத் தடவி அனுப்புவதும் உண்டு, கிளம்பும்போது வெட்டி இழுக்காமல் இருக்க. எனக்கு அதிலும் உடன்பாடில்லை. பெல்ட்டை சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள், ஆல்கஹால் புல்லிக்கு மட்டும். பெல்ட் தார் மாதிரி உருகிக் கையில் ஒட்டினால் அலசி என்ன பயன், தூக்கிப் போடுங்கள். புல்லியில் ஒட்டிய கறுப்பை நகத்தால் சுரண்டாதீர்கள்.

தாத்தாவின் 78 ரெக்கார்டுகள் இருக்கின்றன. என் பிளேயரில் 33, 45 மட்டும்தான். புல்லியில் டேப் சுற்றி வேகத்தைக் கூட்டலாமா? (காரைக்குடி)

கூடாது. டேப் அரை மணி நேரத்தில் அவிழ்ந்து பெல்ட்டில் ஒட்டும். அதைவிட முக்கியம், எல்பி (33-ல் ஓடும் பெரிய ரெக்கார்டு) ஊசி 78-இன் பள்ளத்துக்கு மிகச் சின்னது. பள்ளத்தின் அடியில் கிடக்கும் அழுக்கைத்தான் அது வாசிக்கும். 78-க்கான 3 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு, மில்லிமீட்டர் அல்ல) ஊசியை வாங்குங்கள். 45-ல் ஓடவிட்டுக் கம்ப்யூட்டரில் பதிந்து, வேகத்தை 1.73 மடங்காக்குங்கள். மிகப் பழைய ரெக்கார்டுகள் எல்லாம் 78-லேயே பதியப்பட்டவை அல்ல, பெரும்பாலும் நிமிடத்துக்கு 70-க்கும் 80-க்கும் இடையில் எங்கோ இருக்கும். பாடகரின் கட்டை தெரிந்த பெரியவர் யாராவது வீட்டில் இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு திருத்துங்கள்.