ஐந்து மொட்டைமாடியில் ஐந்து ஹீரோக்கள்

கேள்வி: மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கேரக்டராகப் பேசிப் பகடை உருட்டி ஆடும் ரோல்-பிளேயிங் ஆட்டம் எங்களுடையது. ஐந்து பேர் ஆட, நான் கேம் மாஸ்டராக (ஜி.எம்., அதாவது கதையை நடத்துபவர்) இருந்து ஒரு சூப்பர் ஹீரோ கேம்பெயின் (பல நாள் தொடரும் கதை) தொடங்கப் போகிறோம். ஆளுக்கொரு கேரக்டரைத் தயார் செய்து எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். முதல் நாள் அவர்களை எப்படி ஓர் அணியாகச் சேர்ப்பது?

பதில்: முதல் வேலையாக, சொன்னதை வாபஸ் வாங்குங்கள். பட்டவன் சொல்கிறேன். நான் முதன்முதலில் நடத்திய கேம்பெயினில் இதையேதான் செய்தேன். ஐந்து கேரக்டர் ஷீட் (கேரக்டரின் விவரங்களை எழுதிய தாள்) வந்தது. ஐந்திலும் கறுப்பு உடை, ஐந்து பேருக்கும் சின்ன வயதிலேயே பெற்றோர் இல்லை, ஐந்து பேருமே யாரையும் நம்பாதவர்கள். வங்கியில் கொள்ளை நடக்கிறது என்று ஆரம்பித்தேன், ஐந்து பேரும் ஐந்து மொட்டைமாடியில் ஏறி நின்று கீழே பார்த்துக்கொண்டே இருந்தார்கள், ஒருவரும் இறங்கவில்லை, இறங்கினால் மற்றவர்கள் கண்ணில் பட்டுவிடுவார்களாம். கொள்ளைக்காரன் நிதானமாக நடந்தே போய்விட்டான்.

ஆடியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். தனியாக உட்கார்ந்து யோசித்தால் தனி ஆள்தான் மனதில் வருவான். அதனால் முதல் செஷனில், அதாவது முதல் நாள் ஆட்டத்தில், பகடையைத் தொடவே வேண்டாம், எல்லோரும் சேர்ந்து அணியைப் பற்றி மட்டும் பேசுங்கள். செலவுக்குப் பணம் யார் தருகிறார்கள், அரசாங்கமா, ஏதாவது பணக்காரரா, யாருமே இல்லையா? இவர்களைப் பார்த்தால் மக்கள் கைதட்டுவார்களா, போலீஸைக் கூப்பிடுவார்களா? இவர்களுக்கு முன்னால் வேறோர் அணி இருந்ததா, இருந்தால் ஏன் கலைந்தது? கடைசிக் கேள்விக்கு விடை கிடைத்தாலே பாதிக் கதை கையில் வந்த மாதிரி. அப்புறம் ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரிடம், 'என் ரகசியங்களில் உனக்குத் தெரிந்தது எது?' என்று கேட்கட்டும். டீன் ஏஜ் ஹீரோக்களை வைத்து ஆடும் 'மாஸ்க்ஸ்' ஆட்டத்தில் இந்த மாதிரி விஷயம் விதியிலேயே இருக்கிறது. அணி முதன்முதலில் ஒன்று சேர்ந்த சம்பவத்தைப் பற்றி ஒவ்வொரு கேரக்டர் வகைக்கும் ஒரு கேள்வி உண்டு, எல்லோரும் பதில் சொல்லி முடிப்பதற்குள் அவர்களுக்கென்று ஒரு பழைய கதை சேர்ந்துவிடும். நீங்கள் வேறு ஆட்டம் ஆடினாலும் இதைக் கடன் வாங்கிக்கொள்ளலாம்.

கேள்வி: பறப்பது, அசுர பலம், மனதைப் படிப்பது, நெருப்பு கக்குவது, எல்லாமே என் கேரக்டருக்கு வேண்டும் என்கிறேன். ஜி.எம். முறைக்கிறார். என் மேல் தப்பா?

பதில்: ஆசையில் தப்பில்லை. ஆனால் எல்லாவற்றையும் நீங்களே செய்துவிட்டால் மற்றவர்கள் எதற்கு வருகிறார்கள், வேடிக்கை பார்க்கவா?

ஒரே ஒரு பவரை எடுத்துக் குடைந்து பாருங்கள். எவ்வளவு சின்னச் சத்தமும் கேட்கும் ஒருத்தி என்று வைத்துக்கொள்வோம். இரண்டு தெரு தள்ளி யாரோ பூட்டில் சாவியைத் திருப்புவது அவளுக்குக் கேட்கும். சரி, அப்படியானால் எப்படித் தூங்குவாள்? நெருங்கிய தோழி பொய் சொல்லும்போது அவள் நெஞ்சு படபடப்பது கேட்குமே, அதைத் தெரியாத மாதிரி எத்தனை நாள் நடிப்பாள்? வில்லன் ஒரு விசிலை எடுத்து ஊதினால்? இப்போது அதே அணியில் தன்னைச் சுற்றியிருக்கும் சத்தத்தையெல்லாம் அடக்கிவிடக்கூடிய ஒருவனைக் கொண்டுவாருங்கள். அவன் இருக்கும் அறையில் மட்டும்தான் அவளுக்குத் தூக்கம் வரும். அந்த இரண்டு பேருக்கும் ஒரு நாள் பேச்சுவார்த்தை நின்றுபோனால், அடுத்த மூன்று செஷனுக்கு ஜி.எம். எதையும் தேடி அலைய வேண்டாம்.

கேள்வி: எங்கள் அணியில் ஒருவர் மட்டும் எல்லோரையும் அடித்து நொறுக்குகிறார். எப்படிச் சமன் செய்வது?

பதில்: கேரக்டரை உருவாக்க ஆளுக்கு இத்தனை புள்ளி என்று சமமாகப் பிரித்தால் மட்டும் போதாது, எல்லாவற்றையும் ஒரே அடியில் கொட்டிவிடுவார்கள். 'மியூட்டன்ட்ஸ் அண்ட் மாஸ்டர்மைண்ட்ஸ்' மூன்றாம் பதிப்பில் பவர் லெவல் (பலத்தின் படிநிலை) 10 கேரக்டருக்கு 150 புள்ளி, அதோடு ஓர் உச்சவரம்பும் உண்டு. தாக்குதல் போனஸையும் (குறி எவ்வளவு தவறாது என்பது) அடியின் ரேங்கையும் (அடி எவ்வளவு பலமானது என்பது) கூட்டினால் 20ஐத் தாண்டக் கூடாது. குறி தவறாதவள் 12க்கு 8 என்று வைத்துக்கொள்வாள், முரட்டு ஆசாமி 8க்கு 12 என்று வைத்துக்கொள்வான். விலகித் தப்புவதற்கும் அடியைத் தாங்குவதற்கும் இதே கணக்குதான். உங்கள் ஆட்டத்தில் இப்படி விதி இல்லையென்றால் நீங்களே ஒன்று போட்டுவிடுங்கள்.

சண்டைக்கு வெளியே இந்தக் கணக்கு உதவாது. அங்கே சமன் செய்வது காட்சியை அமைப்பதில்தான் இருக்கிறது. உடைந்த பாலத்தில் பேருந்து தொங்குகிறது, உள்ளே பயந்துபோய் எல்லோரும் ஒரே பக்கம் ஓடுகிறார்கள், பயணிகளில் ஒருவர் வில்லனின் ஆள். பேருந்தைப் பிடித்துக்கொண்டிருப்பவர் அந்த நேரம் வேறெதுவும் செய்ய முடியாது, மற்ற வேலையெல்லாம் மற்றவர்களுக்குத்தான்.

கேள்வி: பலவீனம் கட்டாயம் வேண்டுமா?

பதில்: வேண்டும். ஆனால் அதை எப்படிக் கொடுக்கிறீர்கள் என்று பார்க்க வேண்டும். 1981இல் வந்த 'சாம்பியன்ஸ்' ஆட்டத்தில் குறைகளை ஏற்றுக்கொண்டால் பவர் வாங்கக் கூடுதல் புள்ளி கிடைக்கும். அருமையான யோசனைதான், ஆனால் புள்ளி முதலிலேயே கைக்கு வந்துவிடுவதால் குறை என்ற பெயரில் ஷீட் முழுக்க எதிரிகளை எழுதி வைத்துவிட்டு, ஜி.எம். மறந்துவிட மாட்டாரா என்று காத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன் (நானும் அப்படிக் காத்திருந்தவன்தான்). 'மியூட்டன்ட்ஸ் அண்ட் மாஸ்டர்மைண்ட்ஸ்' இதைத் திருப்பிப் போட்டது. அதில் சிக்கல் ஆட்டத்துக்குள் வந்து தொல்லை கொடுத்தால்தான் ஒரு ஹீரோ பாயிண்ட் கிடைக்கும், அதை வைத்துச் சொதப்பிய பகடையை மறுபடி உருட்டலாம். இதனால், 'என் தங்கையை இன்னும் யாரும் கடத்தவில்லையே?' என்று ஆடுபவரே வந்து கேட்பார். என் ஓட்டு இதற்குத்தான்.

கேள்வி: பவரைப் பகடை உருட்டியே முடிவு செய்யலாமா?

பதில்: தாராளமாக. 1979இல் வந்த 'வில்லன்ஸ் அண்ட் விஜிலன்டீஸ்' ஆட்டத்தில் ஆடுபவர்கள் தங்களையே கேரக்டராக வைத்துக்கொண்டு பவரைப் பகடையில் எடுத்தார்கள். நீண்ட கேம்பெயினுக்கு வேண்டாம், ஒரு நாள் ஆட்டத்துக்குப் பிரமாதம்.

கேள்வி: அணிக்கு நல்ல பெயர் ஒன்று சொல்லுங்களேன்.

பதில்: நீங்கள் வைக்காதீர்கள். மூன்றாவது செஷனில் ஏதாவது செய்தித்தாள் வைக்கட்டும், ஐந்து பேருக்கும் பிடிக்காத பெயராக.