கப்பல் இரும்பில் 36 என்ற எண் மட்டும் போதுமா?

அண்ணே, பார்ஜின் (தட்டை அடிச் சரக்குப் படகு) அடித்தகடு மாற்றுகிறோம். வரைபடத்தில் டிஎச்36, ஸ்டோரில் இருப்பது ஏஎச்36. இரண்டும் 36தானே? நம் கடலில் குளிர் ஏது? (பட்டர்வொர்த்)

வலிமையில் இரண்டும் ஒன்றுதான். குறைந்தபட்ச ஈல்டு, அதாவது இரும்பு நிரந்தரமாக வளையத் தொடங்கும் அழுத்தம், 355 மெகாபாஸ்கல்; சதுர மில்லிமீட்டருக்கு 36 கிலோ என்ற பழைய கணக்குதான் பெயரில் நிற்கிறது. வித்தியாசம் முன்னெழுத்தில் இருக்கிறது. சுத்தியலால் அடித்து உடைக்கும் சார்பி சோதனையை ஏஎச்சுக்கு 0 டிகிரியில் செய்வார்கள். டிஎச்சுக்கு மைனஸ் 20, ஈஎச்சுக்கு மைனஸ் 40, எஃப்எச்சுக்கு மைனஸ் 60.

பினாங்குக் கடலுக்கு மைனஸ் 20 எதற்கு என்று கேட்காதவர் இல்லை. சோதனை வெப்பநிலையும் கப்பல் ஓடும் வெப்பநிலையும் ஒன்றல்ல. சோதனைத் துண்டு வெறும் 10 மில்லிமீட்டர். தகடு தடிக்கத் தடிக்க, விரிசலின் நுனியில் இரும்பு வளைந்து கொடுக்க இடமில்லாமல் போகிறது. வெல்டிங் விட்டுச் சென்ற இறுக்கமும் சேர்ந்தால் பளிச்சென்று பிளந்துவிடும். அதனால்தான் தடிமனும் அந்த இடத்தின் முக்கியத்துவமும் கூடும்போது கிளாஸ் (கப்பல்களைத் தரம் பார்த்துச் சான்று தரும் நிறுவனம்) விதிகள் டி, ஈ என்று எழுத்தை ஏற்றுகின்றன. ஏஎச்சுக்குப் பதிலாக டிஎச் போடக் கேட்டால் கிளாஸ் அனுப்பும் சர்வேயர் பெரும்பாலும் தலையாட்டுவார். நீங்கள் கேட்பது அதற்கு நேர்மாறு. அவர் எழுத்தில் ஒப்புக்கொள்ளாமல் தகட்டை வெட்டாதீர்கள்.

சாதா 10 மில்லிமீட்டர் தகட்டுக்குப் பதில் ஏஎச்36 போட்டு 7 மில்லிமீட்டராகக் குறைக்கலாமா? எடையும் காசும் மிச்சம் என்கிறார் முதலாளி. (பிறை)

முதலாளி கணக்கில் பாதி சரி. சாதா இரும்பின் ஈல்டு 235. விதிகள் 36க்குக் கொடுக்கும் குணகம், அதாவது வலிமை கூடியதற்காக அளவைக் குறைக்க விடும் விகிதம், 0.72. அதை அப்படியே தடிமனில் பெருக்கி 7.2 என்று வந்திருப்பார்.

ஆனால் இரும்பின் விறைப்பு எந்த கிரேடிலும் ஒன்றே, ஏறத்தாழ 206 கிகாபாஸ்கல். தகடு நசுங்கி மடங்குவதைத் தடுப்பது விறைப்பும் தடிமனும்தான்; அந்த எதிர்ப்பு தடிமனின் வர்க்கத்தோடு குறைகிறது. 0.72இன் வர்க்கம் 0.52. தகட்டைத் தாங்கும் இரும்புச் சட்டகங்களின் இடைவெளியை மாற்றாமல் விட்டால் பாதி போச்சு! துரு கிரேடைப் பார்த்துத் தின்பதில்லை: 10இல் 2 மில்லிமீட்டர் போவது வேறு, 7இல் 2 போவது வேறு. வெல்ட் ஓரத்தில் அலையடித்து வரும் களைப்பு விரிசலுக்கும் உயர் வலிமை இரும்பு கூடுதல் ஆயுள் தராது. தகடு மெலிந்து அழுத்தம் ஏறினால் அந்த விரிசல் சீக்கிரமே வரும்.

கட்டடங்களுக்குப் போடும் எஸ்355 இரும்பை ஏஎச்36 என்று எண்ணிப் போடலாமா? (கிள்ளான்)

கைப்பிடிக்கும் ஏணிக்கும் போடுங்கள், கப்பலின் உடலுக்கு வேண்டாம். எஸ்355இன் 355 என்பது 16 மில்லிமீட்டர் வரைதான். அதைத் தாண்டினால் 345, 40ஐத் தாண்டினால் 335. அதோடு கிளாஸ் முத்திரையும் இருக்காது.

ஜாக்-அப் ரிக்கின் (கடலடியில் கால் ஊன்றி நிற்கும் துளையிடும் மேடை) கால்களில் 690 மெகாபாஸ்கல் இரும்பு என்கிறார்கள். கடலில் துருப்பிடிக்காமல் இருக்க ஆனோடை (தான் கரைந்து இரும்பைக் காக்கும் உலோகத் துண்டு) அள்ளிக் கட்டினால் என்ன? (கோலாலம்பூர்)

அள்ளிக் கட்டக் கூடாது என்பதே விஷயம். ஆனோடு பாதுகாப்பு மிஞ்சினால் இரும்பின் மேற்பரப்பில் ஹைட்ரஜன் உண்டாகி உள்ளே புகும். வலிமை ஏறிய இரும்பு, அதிலும் வெல்டை ஒட்டிக் கடினமாகிப்போன பகுதி, இதைத் தாங்காது. 1980களின் இறுதியில் வட கடல் ஜாக்-அப்களின் கால்களில் இப்படிப்பட்ட விரிசல்கள் அகப்பட்டன. 36க்கு எந்தத் தொல்லையும் தராத ஆனோடே 690க்கு எமனாகலாம். மின்னழுத்த வரம்பை டிசைனர் குறித்திருப்பார், அதைத் தாண்டாதீர்கள்.

மழைக்காலத்தில் 7018 வெல்டிங் கம்பியைப் பெட்டியைப் பிரித்த கையோடு பயன்படுத்தலாமா? (பாகான் டாலாம்)

பெட்டி காற்றுப் புகாத வகையாக இருந்து, கம்பி அன்றைக்கே தீர்ந்தால் சரி. திறந்து கிடந்த கம்பி நம் ஊர் ஈரத்தைக் குடித்துவிடும், அந்த ஈரம் வெல்டில் ஹைட்ரஜனாக இறங்கும். தயாரிப்பாளர் சொன்னபடி சூளையில் காயவையுங்கள், பொதுவாக 300 டிகிரிக்கு மேல் ஒரு மணி நேரமாவது. அப்புறம் சூடான குடுவையிலிருந்து நாலைந்தாக எடுத்துப் பயன்படுத்துங்கள். அந்த ஹைட்ரஜனால் வரும் விரிசல் உடனே தெரியாது. தடித்த தகடானால் பரிசோதனைக்கு 48 மணி நேரம் காத்திருக்கச் சொல்வது அதனால்தான். வெள்ளிக்கிழமை மாலை முடித்த வெல்டை அன்றிரவே சோதித்துக் கையெழுத்து கேட்டால், நான் போடமாட்டேன்.