கிரகணத்தை விடுங்கள், மாத்திரைச் சீட்டை எடுங்கள்

கேள்வி: ஊர் குடியாத்தம். முதல் பெண் மேலுதடு பிளந்து பிறந்தாள், ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கணவர் என் தாய்மாமன். எனக்கு வலிப்பு உண்டு, வால்ப்ரோயேட் சாப்பிடுகிறேன். ஐந்தாம் மாதக் கிரகணத்தில் அரிவாள்மணையில் காய் நறுக்கியதுதான் காரணம் என்கிறார் மாமியார். அடுத்த குழந்தைக்கும் வருமா?

பதில்: மாமியார் உங்களுக்குப் பாட்டியும்கூட, எதிர்த்துப் பேச முடியாது, புரிகிறது. ஆனால் கரு உருவாகி ஏழு வாரத்துக்குள் மேலுதடு சேர்ந்துவிடும், வாயின் மேற்கூரையான அண்ணம் பன்னிரண்டு வாரத்துக்குள் மூடிவிடும். நாள் தள்ளி, பரிசோதித்து, டோக்கன் வாங்கி டாக்டர் முன்னால் உட்காரும்போதே உதட்டு வேலை பெரும்பாலும் முடிந்திருக்கும். ஐந்தாம் மாதத்து அரிவாள்மணை பாவம், அதற்கு இதில் பங்கே இல்லை.

எனக்கு உறுத்துவது வால்ப்ரோயேட். அதைச் சாப்பிடும் தாய்மாருக்குப் பிறக்கும் குழந்தைகளில் பத்தில் ஒன்றுக்கு ஏதாவது பிறவிக் குறை வருகிறது, உதட்டுப் பிளவு, முதுகுத்தண்டு மூடாமல் போவது, இதயக் குறை என்று. பிற்பாடு படிப்பிலும் பின்தங்கலாம். அதற்காக நீங்களே நிறுத்திவிடாதீர்கள், வலிப்பு வந்து விழுந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. கருத்தடையை நிறுத்தும் முன்பே நரம்பியல் டாக்டரிடம் போய் வேறு மாத்திரைக்கு மாற முடியுமா என்று கேளுங்கள், மாறி நிலைப்பட மாதங்கள் ஆகும். ஃபோலிக் ஆசிட்டும் கருத்தரிக்கும் முன்பே தொடங்க வேண்டும். பொதுவாக 400 மைக்ரோகிராம், உங்களைப் போன்றவர்களுக்குப் பலர் 5 மில்லிகிராம் எழுதுவார்கள். அது முதுகுத்தண்டுக் குறையைத் தடுக்க உதவும், ஆனால் வால்ப்ரோயேட்டின் கெடுதலை முழுசாகத் துடைத்துவிடாது.

சரி, சொந்தத்தில் கட்டியது? தாய்மாமனும் அவர் சகோதரியின் மகளும் மரபணுவில் கால்வாசி பகிர்கிறார்கள், அதனால் சில பரம்பரை நோய்களுக்கு வாய்ப்பு கூடும். உதட்டுப் பிளவுக்கு அது ஒன்றையே காரணமாகச் சொல்ல மாட்டேன். பெற்றோருக்கு இல்லாமல் ஒரு குழந்தைக்கு மட்டும் இருந்தால், அடுத்ததுக்கு வரும் வாய்ப்பு பொதுவாக 100க்கு 3 முதல் 5.

ஒன்றை மட்டும் வீட்டிலேயே பாருங்கள். வெளிச்சத்தில் நின்று மகள், நீங்கள், கணவர் மூவரின் கீழுதட்டையும் பாருங்கள், நடுக்கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஊசி குத்தினாற்போல் சின்னக் குழி இருக்கிறதா என்று. அந்தக் குழியையும் உதட்டுப் பிளவையும் சேர்த்தே தரும் ஒரு மரபணுக் கோளாறு உண்டு. உங்கள் இருவரில் ஒருவருக்குக் குழி இருந்தாலும் அது வேறு கதை, அந்த மரபணு பிள்ளைக்குப் போகும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. இருந்தாலும் இல்லாவிட்டாலும், பழைய சீட்டு, மகளின் ஆபரேஷன் ஃபைல் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வேலூர் சி.எம்.சி.யில் மரபணு ஆலோசனைக்கு ஒருமுறை போய் வாருங்கள். அப்புறம், மாமா பீடி பிடிப்பவராக இருந்தால் வாசலோடு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், அந்தப் புகையும் இந்தக் கணக்கில் சேர்த்திதான்.