கரண்ட் போனால் கீரைக்கு எவ்வளவு பேட்டரி வேண்டும்?

கேள்வி: கோவையில் ஃபிளாட்டில் இருக்கிறோம். சின்ன அறை ஒன்றில் மண்ணில்லாமல் லெட்டூஸ், பாக் சோய், துளசி வளர்க்கிறேன். குழாய்க்குள் தண்ணீர் மெல்லிசாக ஓடிக்கொண்டே இருக்கும் என்எஃப்டி முறை. 100 வாட் எல்இடி விளக்கு இரண்டு, 40 வாட் பம்ப், தொட்டிக்குள் காற்று விட 10 வாட் ஏர் பம்ப். பராமரிப்புப் பணி என்று காலை 9 மணிக்குக் கரண்ட்டை எடுத்தால் சாயங்காலம்தான் வருகிறது. போன தடவை பாதிச் செடி வாடிவிட்டது. வீட்டில் 900 விஏ இன்வெர்ட்டரும் 150 ஏஎச் பேட்டரியும் உண்டு. "அது தாங்காது, 2 கேவிஏ இன்வெர்ட்டரும் 200 ஏஎச் பேட்டரி இரண்டும் போடுங்கள்" என்று கடைக்காரர் 58,000 ரூபாய் சொல்கிறார். வாங்கலாமா சார்?

பதில்: வேண்டாம். அவர் விளக்கையும் சேர்த்துக் கூட்டிவிட்டார். 250 வாட், 8 மணி நேரம் என்றால் 2 யூனிட், அதாவது 2,000 வாட்-அவர் ஆகிறது. உங்கள் பேட்டரி 12 வோல்ட், 150 ஏஎச். பெருக்கினால் 1,800 வாட்-அவர். வீட்டு இன்வெர்ட்டருக்குப் பெரும்பாலும் போடும் டியூபுலர் வகை லெட்-ஆசிட் பேட்டரியை அடிக்கடி பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுசு குறையும் என்பதால் 900தான் கையில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 2,000-க்கு அது எட்டாது என்று அவர் சொன்னது அந்த அளவில் சரி.

ஆனால் கரண்ட் இல்லாதபோது விளக்கு எதற்கு? செடிக்கு ராத்திரி என்று ஒன்று உண்டு. எட்டு மணி நேரம் இருட்டில் கிடந்தால் லெட்டூஸுக்கு ஒன்றும் ஆகாது. டைமரில் விளக்கை மாலை 6 மணிக்குப் போட்டு மறுநாள் காலை 8 மணிக்கு அணைய வைத்துவிட்டால், பகல் நேரப் பராமரிப்பு மின்தடை விளக்கைத் தொடவே தொடாது. கோடையில் அறைச் சூடும் கொஞ்சம் குறையும்.

மிச்சம் பம்பும் ஏர் பம்பும், மொத்தம் 50 வாட். எட்டு மணி நேரத்துக்கு 400 வாட்-அவர். இன்வெர்ட்டர் சும்மா ஓடவே மணிக்கு 15 வாட்-அவர் தின்னும் என்று வையுங்கள், 120 சேர்த்தால் 520. உங்களிடம் இருக்கும் பேட்டரியே இதைத் தாங்கும். இடிப்பது ஃபேன்தான். பழைய சீலிங் ஃபேன் ஒன்று 75 வாட் இழுக்கும். பகலெல்லாம் இரண்டு ஓடினால் அதற்கே 1,200 போய்விடும். அதே ஃபேனை பிஎல்டிசி ஃபேனாக மாற்றினால் 28 முதல் 35 வாட்தான். ஒரு ஃபேனை மாற்றினாலே 40 வாட்டுக்கு மேல் மிச்சம், அதாவது உங்கள் பம்பு ஓடத் தேவையான அளவு. இரண்டையும் மாற்றிவிட்டு, மின்தடை நாளில் ஒன்றை மட்டும் ஓட்டினால் கணக்கு 900-க்குள் அடங்கும். 58,000 எங்கே, ஃபேன் விலை எங்கே!

வாங்குவதற்கு முன் எலெக்ட்ரீஷியனிடம் ஒன்று கேளுங்கள். ஃபிளாட்டுகளில் இன்வெர்ட்டர் லைன் பெரும்பாலும் ஃபேனுக்கும் லைட்டுக்கும் மட்டும்தான் போயிருக்கும். அந்த அறையில் ஒரு பிளக் பாயின்ட்டை இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றச் சொல்லி, பம்பையும் ஏர் பம்பையும் அதில் மாட்டுங்கள். விளக்கு இருக்கும் பிளக் இபி லைனிலேயே இருக்கட்டும். கரண்ட் போனால் அது தானாக அணைந்துவிடும், யாரும் ஓடிப்போய் அணைக்க வேண்டாம். உங்கள் இன்வெர்ட்டர் தரும் கரண்ட்டின் அலை வடிவம் சைன் வேவா, ஸ்கொயர் வேவா என்றும் பாருங்கள். ஸ்கொயர் வேவில் இந்தச் சின்ன பம்புகள் உறுமும், சூடாகும், சீக்கிரம் போய்விடும். அப்படியிருந்தால் இன்வெர்ட்டரை மட்டும் மாற்றுவது நியாயமான செலவு. லித்தியம் பேட்டரி போடச் சொல்லி யாராவது வந்தால், உங்கள் இன்வெர்ட்டரில் லித்தியத்துக்கான சார்ஜிங் வசதி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். லெட்-ஆசிட் பேட்டரிக்கென்று செய்த இன்வெர்ட்டரில் அதை அப்படியே மாட்டக் கூடாது.

பேட்டரியும் தீர்ந்துபோகும் நாள் ஒன்று வரும். என்எஃப்டியில் வேரைச் சுற்றித் தேங்கும் தண்ணீர் கிடையாது, ஓட்டம் நின்றால் ஏப்ரல், மே வெயிலில் ஒரு மணி நேரத்திலேயே வாட ஆரம்பித்துவிடும். ஒவ்வொரு குழாயின் வெளிவாயிலும் ஒன்றரை சென்டிமீட்டர் உயரத்துக்குச் சின்னத் தடுப்பு வைத்தால் அவ்வளவு தண்ணீராவது உள்ளே நிற்கும். செலவு என்று சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் பல மணி நேரம் கிடைக்கும். அப்புறம் அரை மணிக்கொரு தரம் தொட்டியிலிருந்து மக்கால் மொண்டு ஊற்றினாலும் போதும். வேர் காயாமல் இருந்தால் சரி. இன்னொன்று, ஏர் பம்ப் தொட்டித் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தால், கரண்ட் போனதும் டியூப் வழியே தண்ணீர் பின்னோக்கி ஏறி பம்புக்குள் போய்விடும். மேலே மாட்டுங்கள், இல்லையென்றால் தண்ணீரைப் பின்னோக்கி விடாத செக் வால்வு ஒன்று மீன் தொட்டிக் கடையில் வாங்கிப் போடுங்கள். முள் சுற்றும் டைமராக இருந்தால் கரண்ட் போன நேரம் அதுவும் நின்றுவிடும், பிறகு மணியைத் திருப்பி வைக்க வேண்டும்.

கேள்வி: மதுரையில் பால்கனி அறையில் நான்கு பக்கெட். வேர் தண்ணீரில் மூழ்கியிருக்கும், 4 வாட் ஏர் பம்ப் ஒன்றுதான். பழைய கம்ப்யூட்டர் யுபிஎஸ் சும்மா கிடக்கிறது. அது போதுமா?

பதில்: கம்ப்யூட்டரை ஒழுங்காக அணைக்கச் சில நிமிடம் தருவதற்கான பெட்டி அது. உள்ளே இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஏஎச் பேட்டரி, காகிதத்தில் 84 வாட்-அவர். அதில் பெரும்பங்கை யுபிஎஸ்ஸே தின்றுவிடும், பேட்டரியும் பழசு. போதாக்குறைக்கு விடாமல் கத்தும்.

5 வோல்ட்டில் ஓடும் யுஎஸ்பி ஏர் பம்ப் வாங்குங்கள், ஒன்றிரண்டு வாட்தான் எடுக்கும். 10,000 எம்ஏஎச் பவர் பேங்கில் 37 வாட்-அவர் என்று போட்டிருக்கும், வெளியே கிடைப்பது 22 அளவில்தான். ஒன்றரை வாட் பம்புக்கு அது 14 மணி நேரம் வரும். பட்டனை அழுத்தினால்தான் ஓடும் பம்ப் வேண்டாம். கரண்ட் வந்து போகும்போது நின்றது நின்றபடியே இருக்கும். சார்ஜ் ஆகும்போதே வெளியேயும் கரண்ட் கொடுக்கும் பவர் பேங்காகக் கேட்டு வாங்குங்கள்.

தண்ணீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்ஸிஜன் குறையும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் கரைந்தால், 30 டிகிரியில் ஏழரைதான். அதனால் வேர் நீண்ட செடிகளுக்குத் தண்ணீர் மட்டத்தை எப்போதுமே செடி உட்கார்ந்திருக்கும் கூடையின் அடியிலிருந்து ஓரிரு அங்குலம் கீழே வைத்திருங்கள். மேல் வேர் காற்றிலிருந்தே மூச்சு வாங்கும். ஹவாய் பல்கலைக்கழகத்தின் கிராட்கி பம்பே இல்லாமல் கீரை வளர்த்துக் காட்டியது இந்த வழியில்தான்.

கேள்வி: இன்வெர்ட்டர் பேட்டரிக்கு 60 மாத வாரண்டி என்று சொல்லி விற்றார்கள். 40 மாதத்தில் போய்விட்டது. புதுசு தர மாட்டேன், தள்ளுபடிதான் என்கிறார் டீலர். பில்லும் இல்லை.

பதில்: வாரண்டி கார்டைப் பாருங்கள், பெரும்பாலும் 36+24 என்று இருக்கும். முதல் 36 மாதத்துக்குத்தான் இலவச மாற்று. அடுத்த 24 மாதம் புதுப் பேட்டரி விலையில் தள்ளுபடி மட்டும். அப்படியிருந்தால் டீலர் சொல்வது சரி. தள்ளுபடி எவ்வளவு என்பது கார்டில் அச்சாகியிருக்கும், அதைக் காட்டிப் பேசுங்கள். பழைய பேட்டரிக்கு ஈய விலை தனியாக உண்டா என்றும் கேளுங்கள், வாரண்டியில் கொடுக்கும்போது அதைக் கம்பெனியே எடுத்துக்கொள்வதுதான் வழக்கம். கார்டில் இருப்பதையும் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியலாம். பில் இல்லாவிட்டாலும், பணம் போன வங்கிக் கணக்கு விவரமும் பேட்டரி மேல் பொறித்த சீரியல் எண்ணும் கைகொடுக்கும். அடுத்த முறை பில் வேண்டாமென்றால் ஆயிரம் குறைக்கிறேன் என்று யாராவது சொன்னால் கடையை மாற்றிவிடுங்கள்.