கேள்வி – பதில்: போஜ்புரியும் இலோக்கானோவும்

கேள்வி: என் மகன் சரக்குக் கப்பலில் பொறியாளராக இருக்கிறான். அவனுடன் பணிபுரியும் ஒருவர் பீகாரின் ஆரா பகுதியைச் சேர்ந்தவர். வீட்டில் போஜ்புரி பேசுபவர். இன்னொருவர் பிலிப்பைன்ஸின் வடபகுதியைச் சேர்ந்தவர். அவருடைய தாய்மொழி இலோக்கானோ. இரண்டுமே பெரிய மொழிகளின் கிளைவழக்குகள்தாம் என்கிறான் மகன். அது சரியா? தமிழருக்கு இவற்றில் எது நெருக்கமாக இருக்கும்?
– ஒரு வாசகர், செம்பூர், மும்பை

பதில்: தங்கள் மகன் சொல்வது இரண்டு மொழிகளுக்குமே பொருந்தாது. மொழியாய்வாளர் கிரியர்சன் போஜ்புரியை மைதிலி, மகஹி ஆகியவற்றுடன் சேர்த்து 'பிகாரி' என்ற தனித் தொகுதியில் வைத்தார். அதை இந்தியின் கீழ் எண்ணுவது மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஏற்பாடே தவிர, இலக்கணத்தின் முடிவன்று. இலோக்கானோவும், மணிலாப் பகுதியின் மொழியான தகாலோகும் ஆஸ்திரோனேசியக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்றாலும், மணிலாவிலேயே பிறந்து வளர்ந்த ஒருவர் கற்காமல் இலோக்கானோவைப் புரிந்துகொள்ள இயலாது. போஜ்புரியோ இந்தோ-ஆரியக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆகவே இவ்விரண்டுக்கும் இடையே உறவு ஏதும் இல்லை.

தமிழருக்கு எது நெருக்கம் என்ற கேள்விதான் சுவையானது. வாக்கிய அமைப்பைப் பார்த்தால் போஜ்புரிதான். எழுவாய், செயப்படுபொருள், வினை என்ற நம் வரிசையே அங்கும் உள்ளது. வேற்றுமை உருபுகளைப் போன்ற சொற்கள் பெயருக்குப் பின்னால் வருகின்றன. இந்தி கற்கும் மும்பைத் தமிழர்களைப் பாடாய்ப் படுத்தும் 'னே' என்ற உருபு போஜ்புரியில் இல்லை. நாற்காலி ஆணா, மேசை பெண்ணா என்ற தொல்லையும் அங்கே பெருமளவு குறைவு. 'ஹம் ஜாயிப்' என்றால் 'நான் போவேன்'. பேசுபவர் ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்து இந்தியில் மாறும் வினைமுற்று இங்கே மாறுவதில்லை. மரியாதைக்கு ஏற்ப முன்னிலைச் சொல்லும் வினையும் மாறுவது நமக்குப் பழகியதுதான்.

இலோக்கானோவில் இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது. வினை முதலில் வரும். செய்தவரும் செய்யப்பட்டதும் அதன் பின்னால் வரும். 'வாசி' என்ற வினையை எடுத்துக்கொள்வோம். வாக்கியம் வாசித்தவரை முன்னிறுத்தினால் வினை 'அக்பஸா' என்று வரும்; புத்தகத்தை முன்னிறுத்தினால் 'பஸாஎன்' என்று மாறும். இரண்டாவது வடிவத்தின் இறந்தகாலமான 'பினஸா'வில், காலம் காட்டும் உறுப்பு வேர்ச்சொல்லைப் பிளந்துகொண்டு உள்ளே அமர்கிறது. பின்னொட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கியே பழகிய நமக்கு இது எளிதில் கைவராது. பன்மையையும் பல சொற்களில் வேரின் தொடக்கத்தை இரட்டித்தே காட்டுகிறார்கள்: 'பலாய்' வீடு, 'பல்பலாய்' வீடுகள்.

ஆனாலும் ஓரிடத்தில் இலோக்கானோ நம் பக்கம் வந்துவிடுகிறது. கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும் 'நாம்', அவரை விலக்கும் 'நாங்கள்' என்ற வேறுபாடு போஜ்புரியில் இல்லை, இந்தியிலும் இல்லை. மராத்தியில் 'ஆபண்', 'ஆம்ஹி' என்று இருப்பது மும்பைவாசியான தாங்கள் அறிந்ததே. இலோக்கானோவிலும் 'தாயோ', 'கமி' என இதே பிரிவு உள்ளது. அதோடு நில்லாமல், 'நீயும் நானும் மட்டும்' என்பதற்குத் தனி வடிவமும் உண்டு. இருவர் மட்டும் புறப்படும்போது 'இன்தா', எல்லாரும் புறப்படும்போது 'இன்தாயோ'. தமிழில்கூட இல்லாத நுணுக்கம் இது.

கேள்வி: இந்த இரு மொழிகளும் கடல் கடந்து பரவியது எப்படி? இரண்டில் எதற்கு எதிர்காலம் உண்டு?
– ஒரு வாசகி, மாட்டுங்கா, மும்பை

பதில்: இரண்டையும் கடல் கடத்தியது கரும்பு. 1834 முதல் மொரீஷியசுக்கும், பின்னர் கயானா, டிரினிடாட், 1873இல் சுரிநாம், 1879இல் பிஜி என்றும் ஒப்பந்தக் கூலிகள் கொல்கத்தாவிலிருந்து கப்பலேறினர். அவர்களில் பெரும்பகுதியினர் போஜ்புரியோ, அதன் அண்டை மொழியான 'அவதி'யோ பேசியவர்கள். நம்மவர்களும் அதே பாதையில் சென்றவர்கள்தாம்: 1860இல் நேட்டாலுக்கு வந்த முதல் கப்பல் சென்னையிலிருந்தும், இரண்டாவது கப்பல் கொல்கத்தாவிலிருந்தும் புறப்பட்டன. மலைக்கும் கடலுக்கும் இடையே நெருக்குண்டு கிடந்த, இலோக்கானோ பேசும் இலோகோஸ் கரையிலிருந்து ஹவாய்க் கரும்புத் தோட்டங்களுக்குச் செல்லும் பெயர்ச்சி 1906 டிசம்பரில் 15 பேருடன் தொடங்கியது. இன்றும் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் இலோக்கானோ ஒரு பாடம்.

எதிர்காலத்தை எண்ணிக்கையால் அளப்பது எனக்கு உடன்பாடில்லை. 2011 கணக்கெடுப்பில் 5 கோடிக்கு மேற்பட்டோர் போஜ்புரியைத் தாய்மொழியாகப் பதிந்தனர். இருந்தும் அது அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் இல்லை. ஆனால் அதற்குத் திரைப்படமும் பாட்டும் இருக்கின்றன: முதல் போஜ்புரிப் படம் 1963இல் வந்தது, அந்தத் தொழில் இன்று நம் மும்பையில் வேரூன்றியிருக்கிறது. போஜ்புரி நாடகாசிரியர் பிக்காரி தாக்குரின் நாடகங்கள், பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போன கணவனையும் காத்திருக்கும் மனைவியையும் கிராம மேடையில் நிறுத்தின. இலோக்கானோ பேசுவோர் 80 லட்சத்துக்கு மேல். 'பன்னவாக்' என்ற இலோக்கானோ இதழ் 1934இல் தொடங்கியது. பிலிப்பைன்ஸின் லா யூனியன் மாகாணம் 2012இல் இலோக்கானோவை ஆட்சிமொழியாக ஏற்றது. ஆனால் தொடக்க வகுப்புகளில் தாய்மொழியைப் பயிற்றுமொழியாக வைத்திருந்த கட்டாயத்தை பிலிப்பைன்ஸ் 2024இல் நீக்கிவிட்டது. எனவே போஜ்புரியை வீடும் திரையும் தாங்குகின்றன, பள்ளி தாங்கவில்லை. இலோக்கானோவுக்குக் கிடைத்த பள்ளிக்கூடமும் இப்போது கைநழுவுகிறது. இரண்டில் இதுவே எனக்குக் கூடுதலாகக் கவலை தருகிறது.

கேள்வி: இவற்றுக்குச் சொந்த எழுத்து இருந்ததா?
– ஒரு மாணவர், தாராவி, மும்பை

பதில்: இருந்தது. ஸ்பானியர் வந்தபோது இலோக்கானோ, தகாலோகின் பழைய எழுத்தான பாய்பாயினுக்கு உறவான எழுத்தில் எழுதப்பட்டது. அதில் சொல்லின் இறுதி மெய்யைக் காட்ட வழியில்லை. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லோபெஸ் என்ற பாதிரியார், கிறித்தவ வினாவிடை நூலை அச்சிட்டபோது, உயிரை நீக்க ஒரு சிலுவைக் குறியைச் சேர்த்தார். நம் புள்ளி செய்யும் வேலையே அது. பின்னர் ரோமன் எழுத்து வென்றது. போஜ்புரி 'கைதி' (Kaithi) என்ற பெயருடைய எழுத்தில் எழுதப்பட்டு வந்தது. அதன் இடத்தை இப்போது தேவநாகரி பிடித்துக்கொண்டது. பீகாரில் பழைய நிலப் பத்திரங்கள் கைதியில் இருப்பதால், சொத்து வழக்குகளில் அதைப் படிக்கத் தெரிந்தவர்களை இன்றும் தேடுகிறார்கள்.